சேராது என்ற சொல்

சென்ற தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பாயச வாளி வந்ததும் இலையின்மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டார். பரிமாறிய பையன் விடவில்லை.

"ஒரு கரண்டிதான், பெரியப்பா!"

"முந்திரி போட்டிருக்கா? எனக்குச் சேராது, தம்பி."

பையன் மறு பேச்சுப் பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டான். நம் ஊர்ப் பந்திகளில் இது சாமானியமான வெற்றி அல்ல. சர்க்கரை வியாதி என்று சொல்லிப் பாருங்கள்; "இன்றைக்கு ஒரு நாள் ஒன்றும் ஆகாது" என்று ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். 'சேராது' என்ற சொல்லுக்கு மட்டும் அப்படி ஒரு மரியாதை.

அந்தச் சொல்லைப் பற்றி அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். முந்திரி சேராது, இறால் சேராது என்கிறோம். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிய தோட்டக்காரனும், கிளை பட்டுப்போனால், "ஒட்டு சேரலைங்க" என்றுதான் சொல்கிறான். தின்ற பண்டம் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கும், ஒட்டிய உறுப்பு பிடிக்காமல் போவதற்கும் தமிழில் ஒரே சொல். புத்தகங்களில் முன்னதை ஒவ்வாமை என்றும், பின்னதை நிராகரிப்பு என்றும் தனித்தனியே எழுதுகிறார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று மருத்துவர்கள் கண்டுகொள்ளச் சுமார் அரை நூற்றாண்டு பிடித்தது. கல்லூரியில் இரண்டு வருஷம் தவளையை அறுத்ததோடு என் விஞ்ஞானப் படிப்பு முடிந்தது. ஆனாலும் இந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, நாவலாசிரியன் எவனும் இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்க முடியாது என்றே தோன்றியது.

கதை ஒரு உல்லாசக் கப்பலில் ஆரம்பமாகிறது. மொனாக்கோ என்ற சிறு நாட்டை ஆண்ட முதலாம் ஆல்பர்ட்டுக்குச் சமுத்திர ஆராய்ச்சியில் பைத்தியம். 1901-ம் வருஷம் அவருடைய கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் போனார்கள். நீலப் பையைப்போல் கடலில் மிதந்து, தொட்டவர்களைத் துடிக்க வைக்கும் ஒரு பிராணியின் விஷத்தை ஆராய்வது அவர்கள் வேலை. பாரிஸுக்குத் திரும்பிய பிறகு அந்தப் பிராணி கிடைக்கவில்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் கடற்சாமந்தியை எடுத்துக்கொண்டார்கள். அதன் விஷத்தைச் சிறிது சிறிதாக நாய்களுக்குக் குத்தி, அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க வேண்டும் என்பது எண்ணம்.

நெப்டியூன் என்று ஒரு நாய். பெரிய நாய், நல்ல ஆரோக்கியமான நாய். முதல் ஊசி அதை ஒன்றும் செய்யவில்லை. 22 நாள் கழித்து, அதே அளவு மருந்தை மறுபடியும் குத்தினார்கள். சில விநாடிகளில் நாய்க்கு மூச்சு இரைத்தது. நிற்க முடியாமல் சாய்ந்தது. இரத்த வாந்தி எடுத்தது. 25 நிமிஷத்தில் உயிர் போய்விட்டது.

காப்பாற்ற வேண்டிய ஊசியே கொன்றுவிட்டது! பாதுகாப்புக்கு எதிரானது என்று பொருள்படும்படி கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'அனபிலாக்ஸிஸ்' என்று ரிஷே பெயர் வைத்தார். 1913-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெப்டியூன் தந்த விலையும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். பரிசு பெற்ற சொற்பொழிவில் அந்த நாயின் பெயரைச் சொல்லியே கதையை விவரித்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் வியன்னா நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேறு இருவர் இதே புதிரோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த ஊநீரை ஊசியாகப் போட்ட காலம் அது. முதல் முறை ஊசி போட்டால் சில குழந்தைகளுக்குச் சுமார் எட்டுப் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வரும். பின்னால் எப்போதாவது மறுபடி போட்டாலோ உடனேயே வந்துவிடும். குழந்தையின் உடம்பு குதிரையை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது! கிளெமென்ஸ் வான் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் இதைக் கணக்காக எழுதி வைத்தார்கள். 1906-ல் பிர்க்கே இந்த மாறுபட்ட குணத்துக்கு 'அலர்ஜி' என்று பெயர் சூட்டினார். இன்று தெருக்கோடி மருந்துக் கடைக்காரர்வரை வழங்கும் சொல்லுக்கு வயது அவ்வளவுதான்.

இந்த ஞாபகம் உடம்பில் எங்கே குடியிருக்கிறது? அதை ஓர் உடம்பிலிருந்து எடுத்து இன்னோர் உடம்பில் வைக்க முடியுமா?

முடியும் என்று முதலில் காட்டியது ஒரு விபத்து. 1919-ல் ராமிரெஸ் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது இது. சோகை பிடித்த ஒருவருக்கு இன்னொருவரின் இரத்தத்தை ஏற்றினார்கள். தெம்பு வந்தது. சில நாள் கழித்து அவர் குதிரை வண்டியில் காற்று வாங்கப் போனார். அன்றுவரை ஆஸ்த்மா என்றால் என்னவென்று அறியாத மனிதருக்கு வண்டியில் உட்கார்ந்ததும் மூச்சுத் திணறியது. விசாரித்துப் பார்த்தால், இரத்தம் கொடுத்தவருக்குக் குதிரை சேராது! கொடுத்தவர் தெரிந்து கொடுத்தது இரத்தம் ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1921-ல், விபத்தாக நடந்ததை இருவர் வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். அப்போது ஜெர்மனியில் பிரெஸ்லௌ என்று வழங்கிய நகரம். இன்று போலந்தில் இருக்கிறது. கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் இருவரும் அங்கே டாக்டர்கள். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் சேராது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொந்தரவும் கிடையாது. கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து ஊநீரை எடுத்து, பிராஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் குத்தினார்கள். சில நிமிஷங்களில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்து அரித்தது. ஒருவருடைய சேராமை இன்னொருவர் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குள் குடியேறிவிட்டது. இரத்தத்தில் இருக்கும் அந்தப் பொருள் இன்னதென்று அடையாளம் கண்டது 1966, 67-ல்தான். இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதிகள் அமெரிக்காவிலும், இன்னொரு குழுவினர் ஸ்வீடனிலும் கண்டுபிடித்தார்கள். ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் அது. தோலிலும் குடலிலும் மூச்சுக் குழலிலும் உள்ள ஒருவகை அணுக்களின்மேல் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு காத்திருக்கும். மீனோ முந்திரியோ வந்து தட்டினால் அணு வெடித்து உள்ளிருக்கும் சரக்கைக் கொட்டிவிடும். தடிப்பும் வீக்கமும் மூச்சுத் திணறலும் அதன் விளைவுதான்.

தோட்டக்காரன் சொன்ன 'சேரவில்லை'க்கு வருகிறேன்.

1940, யுத்த காலம். ஆக்ஸ்போர்டில் பீட்டர் மெடவார் என்ற இளம் விலங்கியல் அறிஞர் குடும்பத்தோடு வீட்டுத் தோட்டத்தில் இருந்தபோது, ஒரு குண்டுவீச்சு விமானம் பக்கத்தில் விழுந்து தீப்பற்றியது. வெந்துபோன விமானி ஒருவனை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அவன் உடம்பில் எடுத்து ஒட்டுவதற்கு நல்ல தோல் போதவில்லை. பிறர் தோலை ஒட்டினால் என்ன? ஒட்டலாம், ஆனால் நிற்காது. ஏன் நிற்கவில்லை என்பதை ஒருவரும் தீர்த்துச் சொல்லவில்லை. மெடவாரை அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது.

கிளாஸ்கோவுக்குப் போய், தாமஸ் கிப்ஸன் என்ற ரண சிகிச்சை நிபுணரோடு சேர்ந்தார். காக்காய் வலிப்பு வந்து கணப்பு அடுப்பின்மேல் விழுந்து வெந்துபோன ஒரு பெண் அங்கே படுத்திருந்தாள். அவளுடைய சகோதரன் தன் தோலைக் கொடுத்தான். அதைத் துண்டு துண்டாக ஒட்டினார்கள். முதலில் நன்றாகப் பிடித்தது, பிறகு அழிந்தது. பதினைந்து நாள் கழித்து அதே சகோதரனின் தோலை மறுபடியும் ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது தடவை ஒட்டியது முதலாவதைவிட வெகு சீக்கிரமாக அழிந்தது!

நெப்டியூனுக்கு இரண்டாவது ஊசி. வியன்னாக் குழந்தைகளுக்கு இரண்டாவது குதிரை ஊநீர். கிளாஸ்கோப் பெண்ணுக்கு இரண்டாவது ஒட்டு. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. கைக் கோளாறாலோ கிருமியாலோ தோல் விழவில்லை. உடம்பு ஆளை அடையாளம் கண்டு தள்ளியிருக்கிறது. 1943-ல் இருவரும் இதை எழுதி வெளியிட்டார்கள். எமில் ஹோல்மன் என்ற அமெரிக்க நிபுணர் 1924-லேயே, பிறர் தோல் நிலைக்காமல் போவது அலர்ஜியைப் போன்ற ஒரு கூருணர்வால்தான் என்று எழுதியிருந்தார். அப்போது அதற்குக் காது கொடுத்தவர்கள் குறைவு. சரியான விடையைக் கேட்பாரில்லாத வேளையில் சொன்னவருக்குச் சரித்திரம் ஒரு வரிதான் ஒதுக்குகிறது. நானும் அதையேதான் செய்கிறேன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். முந்திரி தின்றதும் நிமிஷத்தில் தடிப்பது ஐ.ஜி.ஈ.யின் வேலை. ஒட்டைத் தள்ளுவதில் முக்கியப் பங்கு வெள்ளை அணுக்களுக்கு. அவை நிதானமாக, நாள் கணக்கில் வேலை செய்யும். அலர்ஜியிலும் இந்த நிதான வகை உண்டு. கவரிங் தோடு போட்ட காது இரண்டு நாள் கழித்துப் புண்ணாவது அதனால்தான். யுத்தத்தின்போது இந்தியாவுக்கு வந்த அன்னியச் சிப்பாய்களில் பலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் புண் வந்தது. சலவைக்குப் போன துணியில் சேராங்கொட்டைச் சாற்றால் போட்ட குறியே காரணம் என்று பிறகு தெரிந்தது. (அந்தக் கொட்டை முந்திரியின் இனம் என்பது பந்திப் பெரியவருக்குத் தெரிந்தால் துணிகளைக்கூடச் சோதித்துப் பார்ப்பார்.) ஒட்டைத் தள்ளும் காரியம் இந்த வகைக்குத்தான் நெருங்கிய உறவு என்று 1950-களில் மெடவாரின் கூட்டாளிகள் நிலைநாட்டினார்கள். 1960-ல் அவருக்கும் ஆஸ்திரேலியரான பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பின் கோபத்தை அடக்க மருந்துகள் வந்தன. சிறுநீரகம், ஈரல், இருதயம் எல்லாம் ஆள் மாறிக் குடிபோக ஆரம்பித்தன. வாங்குகிற உடம்பு கொடுத்ததைத் தள்ளிவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் கவலை. குதிரை வண்டியில் போனவரை யாரும் நினைக்கவில்லை.

1997-ல் பிரான்ஸிலிருந்து ஒரு செய்தி வெளியாயிற்று. வேர்க்கடலை சேராத 22 வயது வாலிபன் ஒருவன், அதைத் தின்றே இறந்துபோனான். அவன் ஈரலும் ஒரு சிறுநீரகமும் 35 வயதுக்காரர் ஒருவருக்குப் போயின. மற்றொரு சிறுநீரகமும் கணையமும் ஒரு பெண்ணுக்கு. ஈரல் பெற்றவர் சில மாதங்களில் வேர்க்கடலை தின்றார். வாழ்நாளெல்லாம் தின்ற பண்டம். உடம்பு தடித்தது, தொண்டை வீங்கியது. பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. 2003-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொன்று: 15 வயதுப் பையனின் ஈரலைப் பெற்ற 60 வயதுக்காரர் 25-ம் நாள் முந்திரி தின்று அபாயக் கட்டத்துக்குப் போனார். அந்தப் பையனும் வேர்க்கடலைக்குப் பலியானவன்தான். அவன் இரத்தத்தில் முந்திரிக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. ஈரலில் கொடுத்தவரின் வெள்ளை அணுக்கள் ஏராளமாகத் தங்கியிருக்கும். ஆகவே இப்படி நேர்வது ஈரலில்தான் அதிகம். நல்ல வேளையாக அபூர்வம். பலருக்குக் காலப்போக்கில் மறைந்தும் போகிறது. எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தாலும் கொடுத்தவரின் அலர்ஜி கூடவே போகலாம். வேர்க்கடலை சேராத குழந்தைக்கு மஜ்ஜை மாற்றிய பிறகு அது சேர ஆரம்பித்ததும் உண்டு.

என்னைப்போன்ற கதைக்காரர்கள் இருதயம் மாற்றியவனுக்குச் செத்தவனின் காதல் வந்துவிட்டதாக எத்தனையோ எழுதிவிட்டார்கள். காதல் போகவில்லை, போனது வேர்க்கடலைப் பகை. எனக்கு இதுவே மனத்தைப் பிசைகிறது. தன்னைக் கொன்ற பொருளைப் பற்றிய ஞாபகத்தை அந்தப் பையனின் ஈரல் முன்பின் தெரியாத ஒரு கிழவருக்குள் போயும் காப்பாற்றி வைத்திருந்ததே!

இன்னொரு விசித்திரம். உறுப்பு தள்ளுபடி ஆகாமல் இருக்க, ஜப்பானில் ட்ஸுகுபா மலையடிவாரத்து மண்ணில் 1984-ல் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் என்ற மருந்தைச் செய்தார்கள். அதுவே களிம்பாகிக் கரப்பான் அலர்ஜிக்குத் தடவ உதவுகிறது. ஆனால் ஈரல் மாற்றிக்கொண்டு இதே மருந்தை உள்ளுக்குச் சாப்பிடும் குழந்தைகளில் சிலருக்கு, கொடுத்தவருக்கு எந்த அலர்ஜியும் இல்லாதபோதுகூட, பாலும் முட்டையும் புதிதாகச் சேராமல் போகின்றன. குடலின் காவல் தளர்வதால் இருக்கலாம் என்கிறார்கள்.

ஆஸ்திரேலிய டாக்டர்கள் அப்போதே ஓர் யோசனை சொன்னார்கள்: உறுப்புக் கொடுப்பவருக்கு என்ன சேராது என்று விசாரியுங்கள், வாங்குகிறவரிடம் அதைச் சொல்லி வையுங்கள். யாரிடம் விசாரிப்பது? கொடுப்பவன் பேச மாட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருக்கும் மனைவியிடமோ தாயாரிடமோதான் கேட்க வேண்டும்.

உறுப்புதானம் செய்வதாகச் சென்ற வருஷம் நானும் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்று மாலை என் மனைவியிடம், "யாராவது கேட்டால், எனக்கு இறால் சேராது என்று மறக்காமல் சொல்லிவிடு" என்றேன். எதற்கு என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது!" என்று எழுந்து போய்விட்டாள்.

இரவு சாப்பாடு முடிந்து நான் எழுத உட்கார்ந்த பிறகு, அடுக்களையிலிருந்து குரல் வந்தது:

"இறால் மட்டுந்தானா? நண்டுக்கும் உங்களுக்குத் தடிக்குமே?"