இரவல் குரல்

மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குச் சித்தம் கலங்கினால் சங்கரன்கோவிலுக்கு அழைத்துப் போவது பழைய வழக்கம். கோமதியம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் ஒரு ஸ்ரீசக்கரக் குழி இருக்கிறது. பேய் பிடித்தவர்களும் மனம் பேதலித்தவர்களும் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டால் குணமாகும் என்பது நம்பிக்கை.

பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்களிடம் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். ஆவேசம் வந்தவள் தன் பேரில் பேசமாட்டாள். செத்துப்போன வேறொருத்தியின் பேரில் பேசுவாள். மாமியார் எதிரே தலைநிமிராத மருமகள், அந்த வேறொருத்தியாகிவிட்டால் மாமியாரையே 'அடியே!' என்பாள். சொந்தக் குரலில் சொல்ல முடியாத துக்கம் இரவல் குரலில் வெளிவருகிறது. பேயை நம்பாதவர்கள்கூட அந்தத் துக்கத்தை மறுக்க முடியாது.

இது நம் பட்டிக்காட்டு விவகாரம் என்று எண்ண வேண்டாம். வியன்னா நகரில் 1880-ல், நோயாளித் தகப்பனாருக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு பெண்ணுக்கு மனம் கலங்கியது. தாய்மொழியான ஜெர்மன் அடியோடு மறந்துபோய், ஆங்கிலத்திலேயே பேசினாள். டாக்டர் புரோயர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் சூட்டியதும் அந்தப் பெண்தான். 1895-ல் புரோயரும் பிராய்டும் இந்த வரலாற்றைப் புத்தகத்தில் வெளியிட்டார்கள். அவள் உடனே குணமாகிவிடவில்லை. சில காலம் மருத்துவமனைகளில் இருக்க வேண்டியிருந்தது. ஆனால் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற அந்த அம்மையாரே, 1904-ல் ஜெர்மனியில் யூத மாதர் சங்கத்தை நிறுவினார்.

இதே சங்கதியை நாம் திகிலோடு பார்த்த படம், 1993-ல் பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்'. பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த கங்கா, பூட்டிய அறையைத் திறந்ததும் நாகவல்லி ஆகிறாள். அந்த மலையாளப் பெண் ஆவேசத்தில் பேசுவது தமிழ்! அதே கதையை 2005-ல் பி. வாசு 'சந்திரமுகி'யாக எடுத்தபோது, தமிழ்ப் பெண் தெலுங்கு பேசினாள். இரண்டிலும் மனநல மருத்துவர் மந்திரவாதியின் ஒத்தாசையோடுதான் ஜெயிக்கிறார். அவள் பழிதீர்த்துக்கொண்டதாக அவளையே நம்பவைத்த பிறகு நோய் விலகுகிறது.

கங்காவுக்கு அரண்மனையும், அன்பான புருஷனும், காதுகொடுத்துக் கேட்க ஒரு டாக்டரும் இருந்தார்கள். அவை இல்லாதவர்கள் கதி என்ன? ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியுமுன், ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் திட்டமாகச் சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் வீட்டுக்குள்ளே ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லத் தவிப்பதைக் கேட்பதற்குச் சட்டம் வர முடியுமா? சொந்தக் குரலில் பேசும்போதே அவளை யாராவது கேட்டிருந்தால், செத்தவளின் குரலை அவள் ஏன் இரவல் வாங்கப் போகிறாள்?