மைசூரு - தூத்துக்குடி விமான தூரம் எவ்வளவு? வரைபடத்தில் 416 கி.மீ.; பயணத்தில் 900 கி.மீ.க்கு மேல்

மைசூருவின் மண்டகள்ளி விமான நிலையத்துக்கும் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டு வான்தூரம் ஏறத்தாழ 416 கிலோமீட்டர். மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏடிஆர்-72 ரக விமானம் இத்தூரத்தை 50 நிமிடங்களில் கடந்துவிடும். ஓடுபாதைக்கு நகர்தல், மேலேறுதல், தரையிறங்குதல் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம்.

ஆனால், இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. தூரக் கணக்கீட்டுச் செயலிகள் காட்டும் எண்ணைப் பயண நேரமாக எடுத்துக்கொள்வோர் இங்குதான் ஏமாறுகின்றனர்.

சென்னை வழியாகச் செல்வதே நடைமுறையில் உள்ள வழி. மைசூரு - சென்னை வான்தூரம் சுமார் 390 கி.மீ.; சென்னை - தூத்துக்குடி சுமார் 527 கி.மீ. ஆக மொத்தம் 917 கி.மீ. அதாவது, நேர்வழியைப் போல் இரு மடங்குக்கும் மேல். இரு விமானங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 3 மணி நேரம் அமர வேண்டும். இடையே காத்திருக்கும் நேரம் தனி. அட்டவணை பொருந்தாத நாளில் அக்காத்திருப்பே பறக்கும் நேரத்தை மிஞ்சிவிடும்.

ரயிலும் சுற்றித்தான் வருகிறது. மைசூரு - தூத்துக்குடி விரைவு ரயில் முதலில் வடகிழக்கே 138 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவுக்குச் சென்று, பின்னர் சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தெற்கே திரும்புகிறது. மாலையில் புறப்பட்டால் மறுநாள் முற்பகலில்தான் தூத்துக்குடி. தெற்கே உள்ள ரயில் பாதை சாமராஜநகரோடு முடிந்துவிடுவதே இதற்குக் காரணம். அதற்கப்பால் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அதனூடே செல்லும் சாலை திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு.

இந்நிலையில் இரு நிலையங்களின் ஓடுபாதைகளை ஒப்பிடுவது பயனுள்ளது. தூத்துக்குடியின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டுள்ளது. அங்குப் புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஜூலை 26-ஆம் தேதி திறந்துவைத்தார். ஏர்பஸ்-321 போன்ற பெரிய ஜெட் விமானங்களும் இனி அங்கு இறங்க இயலும்.

மைசூருவின் ஓடுபாதையோ 1,740 மீட்டரிலேயே நிற்கிறது. அதை 2,750 மீட்டராக நீட்டிக்கும் திட்டத்துக்கு, நஞ்சன்கூடு நெடுஞ்சாலையும் சாமராஜநகர் ரயில் பாதையும் குறுக்கே நிற்கின்றன. எனவே, 180 பேர் செல்லும் ஜெட் விமானங்களுக்குப் பதிலாக, 80 இருக்கைகளுக்கும் குறைவான ஏடிஆர் விமானங்களையே அந்நகரம் நம்பியிருக்கிறது. டெல்லி, மும்பை போன்ற தொலைதூர நகரங்களுக்கு இது பெருந்தடை.

எனினும், தூத்துக்குடி வழித்தடத்துக்கு இக்காரணத்தைச் சொல்ல இயலாது. இரு ஓடுபாதைகளும் ஏடிஆருக்குப் போதுமானவை. 416 கி.மீ. தூரத்தில் ஜெட் விமானத்தால் மிச்சமாகும் நேரம் சுமார் 20 நிமிடங்களே. குறையாக இருப்பது, இருக்கைகள் நிரம்பும் என்ற நம்பிக்கை மட்டுமே.

அந்நம்பிக்கை இல்லாத வழித்தடங்களுக்காகவே மத்திய அரசின் உடான் திட்டம் உருவாக்கப்பட்டது. சுமார் 500 கி.மீ. வரையிலான பயணத்துக்கு, ஒரு பகுதி இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு நிர்ணயித்து, விமான நிறுவனத்தின் இழப்பை அரசு ஈடுசெய்யும் என்பதே தொடக்கத்தில் அதன் ஏற்பாடு. 2017 செப்டம்பரில் மைசூரு - சென்னை இடையே ட்ரூஜெட் நிறுவனம் விமானம் இயக்கியதும் இத்திட்டத்தின் கீழ்தான்.