பரங்கிப் பண்டமும் நம் அடுக்களையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, செம்பூரிலுள்ள எங்கள் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. போர்த்துக்கீசியரின் கஸ்டர்டு டார்ட்டை வீட்டிலேயே சுட்டுப் பார்க்க என் மகள் விரும்பினாள். "பரங்கிப் பண்டமெல்லாம் நம் வீட்டுக்கு எதற்கு?" என்று தடுத்தார் என் அன்னையார். தூத்துக்குடியில் பிறந்து, மணமாகி இந்நகருக்கு வந்தவர் அவர். சர்க்கரை இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மஞ்சள் பூசணியை நறுக்க அமர்ந்துவிட்டார்.

நேயர்களே, அலமாரியும் சாவியும் போர்த்துக்கீசிய மொழி நமக்குத் தந்த சொற்கள். ஜன்னலும் மேசையும் அவ்வாறே. மஞ்சள் பூசணியைத் தஞ்சைச் சீமையார் பரங்கிக்காய் என்பர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அக்காய், வந்த வழியைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. குழம்பின் மிளகாயும் அவர்தம் கப்பலில் வந்ததே. ஆக, வழக்கில் என் அன்னையார் பக்கம் சற்று வலுக் குறைந்தே இருந்தது.

அப்பண்டத்தின் வரலாறோ சுவையானது. லிஸ்பனை அடுத்த பெலெம் என்னுமிடத்தில் ஜெரோனிமோஸ் மடம் உள்ளது. அக்காலத்துத் துறவு மடங்களில் முட்டையின் வெள்ளைக் கருவை ஆடைகளுக்குக் கஞ்சியாகப் பயன்படுத்தினர் என்பர். எஞ்சிய மஞ்சள் கரு, சர்க்கரையோடு சேர்ந்து இனிப்புகளாயிற்று. 1820-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், 1834-இல் மடங்கள் மூடப்பட்டன. வாழ வழியற்றுப் போன மடத்தவர், பக்கத்திலிருந்த சர்க்கரை ஆலைக் கடையில் இவ்வினிப்பை விற்கத் தொடங்கினர். 1837 முதல் அங்கே தனிக்கடையே நடந்து வருகிறது.

ஆகவே, பம்பாயைப் போர்த்துக்கீசியர் ஆண்ட காலத்தின் எச்சம் இது எனக் கருதுவது பொருந்தாது. 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து இத்தீவுகளைப் பெற்ற அவர்கள், 1661-ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி இங்கிலாந்துக்கு அளித்து, 1665-இல் அகன்றனர். பெலெம் கடை தோன்றியதோ அதற்கு நெடுங்காலம் கழித்து.

அப்படியாயின் இந்நகரின் 'பாவ்' ரொட்டி எவ்வாறு வந்தது? 'பாவ்' என்பது ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். யாழ்ப்பாணத்தார் வழங்கும் 'பாண்' என்பதும் அதுவே. கோவாவில் கள்ளைக் கொண்டு மாவைப் புளிக்கவைத்துச் சுடக் கற்றவர்கள், பின்னர்ப் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து ரொட்டிக் கடைகளில் உழைத்தனர். முட்டை மஞ்சள் கருவோ கோவாவில் தேங்காய்ப் பாலோடும் நெய்யோடும் கூடி, 'பெபின்கா' என்னும் அடுக்கு இனிப்பாயிற்று.

வழக்குக்குத் திரும்புவோம். பேத்தி கெஞ்சவே, சாவி கைமாறியது. வெண்ணெய் தடவி மடித்துத் தேய்த்த மைதாவைப் பாய்போல் சுருட்டி, வில்லைகளாக நறுக்கி, சிறு அச்சுகளில் அழுத்தினாள். எலுமிச்சைத் தோலும் பட்டையும் இட்ட பாகை, சிறிது மாவு கலந்து காய்ச்சிய பாலில் சேர்த்து, ஆறிய பின் 6 மஞ்சள் கருக்களைக் கலந்தாள். ஓவனின் சூடு 250 பாகை. அதற்குக் குறைந்தால் மேலே கரும்புள்ளிகள் தோன்றா, மாவும் மொறுமொறுப்பாகாது.

6 வெள்ளைக் கருக்கள் எஞ்சின. மகள் அவற்றைக் கொட்டப் போனாள். "நில்லடி!" என்றார் என் அன்னையார். கிண்ணத்தை வாங்கினார், சர்க்கரை சேர்த்து நுரை பொங்க அடித்தார், பொடித்த முந்திரியைக் கலந்து, கூம்பு கூம்பாகத் தட்டில் வைத்தார். ஐம்பது ஆண்டுகளாக இந்நகரில் அவர் செய்திராத தூத்துக்குடி மக்ரூன் அது! ஓவனின் சூட்டைத் தணித்து, நெடுநேரம் உலரச் சுட்டோம். முந்திரியும் பிரேசிலிலிருந்து பரங்கியர் கொணர்ந்ததே என்பதை அன்று நான் அவரிடம் கூறவில்லை.

அரசுகள் கோட்டைகளை விட்டுச் செல்கின்றன; சமையலை எடுத்துச் செல்பவர்கள் வீடிழந்தவர்களும் பிழைக்கப் புறப்பட்டவர்களுமே. மடத்தை இழந்தவர் டார்ட்டை விற்றனர். கோவா மக்கள் பாவைச் சுட்டனர். தாராவியில் நம் பெண்டிர் விடியுமுன் அவிக்கும் இட்டிலி இந்நகரின் தெருக்களில் விலைபோகிறது. நாளை அதனையும் இந்நகரின் பண்டமென்றே மக்கள் உரிமை கொண்டாடுவர்.

மாலையில் இரு தட்டுகளும் மேசைக்கு வந்தன. என் அன்னையார் முதலில் எடுத்தது டார்ட்டை. என் மகள் எடுத்தது மக்ரூனை.