ஆர்.சி. புத்தகத்துக்கு ஓர் உரை

கையில் பணம் குறைவு, ஆசை இரண்டு. பழைய பியட் ஒன்றைச் சீராக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்ட வேண்டும். அதே வண்டியைப் பந்தயத் தடத்திலும் இறக்க வேண்டும். கடலோர ஊரான மீமிசலில் இருப்பவருக்கு இந்த இரண்டும் ஒரே வண்டியில்தான் கூடிவரும். சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் பக்கத்து ஊர் இல்லை. வண்டியை லாரியில் ஏற்றிப் போய்வரும் வாடகையில் ஒரு ஜோடி டயர் வாங்கிவிடலாம். ஆகவே தானே ஓடிப் போய், தடத்திலும் ஓடி, மறுநாள் தானே வீடு திரும்பும் வண்டி நமக்குத் தேவை.

அப்படி ஒன்றைக் கட்டுவதற்கு வழிகாட்டும் நூல் வண்டியோடே வருகிறது. அது ஆர்.சி. புத்தகம் என்கிற பதிவுச் சான்று. அது எழுதிவைத்திருப்பதை மாற்றினால் சட்டம் குறுக்கே நிற்கும், செலவும் ஏறும். அது எழுதாமல் விட்ட இடங்களில்தான் சிறு பட்ஜெட்டுக்காரருக்கு வேலை இருக்கிறது. 1975-இல் பதிவான, பியட்டின் இந்திய வடிவமான பிரீமியர் பத்மினி ஒன்றை மனத்தில் வைத்து, வரிவரியாகப் பார்ப்போம்.

உரிமையாளர் பெயர்

இந்த வரியில் பெரும்பாலும் காலமான ஒரு பெரியவரின் பெயர் இருக்கும். வாரிசிடமிருந்து வாங்கும்போது முதலில் படிவம் 31 வழியாக வண்டி வாரிசின் பெயருக்கு வர வேண்டும். அதன்பிறகு 29, 30 படிவங்கள் வழியாக நம் பெயருக்கு. கடன் குறிப்பு இருந்தால் அதையும் நீக்கியாக வேண்டும். பெயர் மாறும்வரை ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கக் கூடாது என்பேன். பிறர் பெயரில் இருக்கும் வண்டியில் போட்ட பணம் நம் பணமாக இருப்பதில்லை.

பதிவு செய்த நாள்

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பழம்பெருமை வாகனமாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகிற வண்டிக்கான ஏற்பாடு இது. ஓடியே தடத்துக்குப் போக நினைக்கும் நமக்கு ஒத்துவராது.

நமக்கு உரியது சாதாரணப் பதிவுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது; 2025-இல் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக உயர்ந்தது. பட்ஜெட்டின் முதல் வரியாக இதை எழுதிவிடுங்கள்.

தயாரிப்பாளர்: பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய்

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய நிறுவனம். இத்தாலிய பியட் 1100-ஐ உரிமம் பெற்றுக் குர்லாவில் செய்தது. 1974 முதல் பத்மினி என்ற பெயர். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடிய வண்டி என்பதால், உதிரிபாகங்கள் அந்த ஊர்ச் சந்தைகளிலிருந்து இன்றும் வருகின்றன. பட்ஜெட்காரருக்கு இது பெரிய பலம். வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பந்தயத்துக்கு அழகான வண்டிதான். ஆனால் அதற்கு ஒரு சாமான் தேடி மாதக்கணக்கில் அலைய நேரும்.

பந்தயத்துக்கும் இந்தப் பியட்டுக்கும் என்ன உறவு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் வரும்வரை தென்னாட்டின் வேகம் அங்கேதான் அளக்கப்பட்டது. இறக்குமதி கடினமாக இருந்த காலம் அது. பியட், ஹெரால்டு, அம்பாசடர் என ஊரில் ஓடிய வண்டிகளையே இழைத்து இழைத்து ஓட்டினார்கள். எண்பதுகளில் பெங்களூரின் சிப்பானி டால்பின் வந்தது. 848 சி.சி.தான், ஆனால் ஃபைபர் பாடி. எடை குறைவு என்ற ஒரே பலத்தில் பெரிய வண்டிகளை அது முந்தியது.

இந்த மரபின் உச்சம் கோவையின் எஸ். கரிவரதன். எண்பதுகளின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். ஊர் ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்க்கக்கூடிய எஞ்சினை வைத்துப் பந்தயத்தை நடுத்தர வர்க்கத்தின் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது அந்த வண்டியில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குறைந்த செலவில் வண்டி கட்ட நினைக்கும் எவரும் அவரைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கக் கூடாது.

சேசிஸ் எண்

ஹெரால்டுக்குக் கீழே தனி இரும்புச் சட்டம் உண்டு. பத்மினிக்கு அது கிடையாது, பாடியே சட்டம். தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவக் குழலும், முன்பக்கத் தூக்குத் தகடுகளும் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகின்றன. ஆகவே இந்த எண்ணைப் படிப்பது என்றால் தகடுகளைப் படிப்பதுதான்.

மீமிசலில் இதற்கு இரட்டிப்புக் கவனம் தேவை. பாக் நீரிணைக் காற்று உப்போடு வருகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகடு காயவே காயாது. பெயிண்ட் மின்னும் வண்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் விலையைக் குறைப்பதா, விட்டுவிடுவதா என்று யோசிக்கலாம். பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்திலேயே போனால் யோசனையே வேண்டாம், விட்டுவிடுங்கள். காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கம் உள்நாட்டு வீட்டுக் கொட்டகைகளில் நின்ற வண்டி ஓடாமல் கிடந்திருந்தாலும், கடலோரத்தில் தினமும் ஓடிய வண்டியைவிட நல்ல எலும்போடு இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் செய்யலாம். பாடி போனால் வண்டியே போனது.

டிங்கரிங் முடிந்ததும் பெட்டிக் குழல்களுக்குள் மெழுகுப் பூச்சு அடியுங்கள், நீர் வடியும் துளைகளைத் திறந்து வையுங்கள். வெளிப் பெயிண்டுக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை இதற்கு மாற்றினாலும் தவறில்லை. சேசிஸ் எண் பொறித்த தகட்டில் மட்டும் வெல்டிங்கோ தேய்ப்போ படக் கூடாது. எண் சிதைந்தால் எஃப்.சி. நின்றுவிடும்.

எஞ்சின் எண், கன அளவு 1089 சி.சி.

போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., நான்கு சிலிண்டர். பெருக்கினால் 1089 வருகிறது. திறன் 40 குதிரை. இங்கேதான் எல்லோருக்கும் கை அரிக்கும். அதே நிறுவனத்தின் 118 என்.இ. காரின் 1171 சி.சி. நிசான் எஞ்சினைப் பத்மினிக்குள் இறக்குவது பலர் செய்த வேலை; 52 குதிரை கிடைக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்சநீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இதையே.

எனவே உள்ளே இருக்கும் எஞ்சினையே நன்றாகக் கட்டுவோம். லேத் பட்டறையில் நாற்பது ஓவர்சைஸ் போடலாம் என்பார்கள். போர் ஒரு மி.மீ. கூடும், கன அளவு ஏறத்தாழ 1122 ஆகி, புத்தகத்திலிருந்து விலகிவிடும். தேய்மானம் குறைவாக இருந்தால் இருபதோடு நிறுத்துங்கள். அல்லது ஸ்லீவ் போட்டு 68-க்கே திரும்புங்கள். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் ஒரே எடைக்குக் கொண்டுவருவது, கிராங்கையும் ஃப்ளைவீலையும் சேர்த்து பேலன்ஸ் செய்வது, ஹெட்டின் வழிகளைக் கேஸ்கெட்டோடு பொருத்தி இழைப்பது ஆகியவை எந்த ஆர்.சி.யிலும் எழுதப்படாத வேலைகள். ஸ்ட்ரோக் நீளமாக இருப்பதால் இந்த எஞ்சினை 6,000 சுற்றுக்கு மேல் விரட்ட வேண்டாம். அந்த வேகத்தில் பிஸ்டன் நொடிக்குச் சராசரி 15 மீட்டர் ஓடுகிறது. கிராங்கைத் தாங்குவதும் மூன்று மெயின் பேரிங்குகள்தான். ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, பந்தயத்தில் அதன்மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

எரிபொருள்: பெட்ரோல்

இந்த ஒரு வரி எழுதப்பட்டபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நின்றது. வால்வு இருக்கைகளுக்கு மெத்தை போல இருந்தது அந்த ஈயம். அது போனபின், பந்தயச் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையை அரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான உலோக வளையம் போட்டுவிடுவது இருமுறை செலவைத் தவிர்க்கும்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊறி நொய்ந்துபோகும். தரமான புதுக் குழாய் சில நூறு ரூபாய். பழைய குழாய் விரிசல்விட்டுச் சூடான எக்ஸாஸ்டில் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரியும். எத்தனால் தண்ணீரை ஈர்ப்பதால், கடலோரத்தில் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். லிட்டருக்குச் சக்தியும் ஏறத்தாழ ஏழு சதவீதம் குறைவு. பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை ஓரிரு அளவு பெரிதாக்கி, ப்ளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஹெட்டைச் சற்றே இழைத்துக் கம்ப்ரஷனைக் கொஞ்சம் உயர்த்த இடம் கிடைக்கிறது.

ஏற்றாத எடை, இருக்கைகள்

ஏறத்தாழ 895 கிலோ. இதில் 50 கிலோவைக் குறைத்தால், எடைக்கேற்ற திறன் கணக்கில் இரண்டு குதிரைக்கு மேல் கூடியதற்குச் சமம். பிரேக்கும் வளைவும் சேர்ந்தே மேம்படும். ஆனால் இருக்கைகளின் எண்ணிக்கை புத்தகத்தில் இருக்கிறதே. ஆகவே வெட்டி எறியாதீர்கள். பின் இருக்கை, ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு ஆகியவற்றைத் தடத்துக் கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு ஓட்டுங்கள், திரும்பும்போது மாட்டிக்கொள்ளுங்கள்.

உருளல் கூண்டு பற்றி ஒரு வார்த்தை. பந்தயத்துக்கு அது கட்டாயம். ஆறுமுனைப் பட்டை, தீயணைப்பான், மின்துண்டிப்பு சுவிட்ச் எல்லாம் சேர்ந்தே வரும். அதே கூண்டோடு ஹெல்மெட் இல்லாமல் சாலையில் போனால், சிறு மோதலிலும் தலை இரும்புக் குழலில் இடிக்கும். ஆகவே ஆரம்பத்தில் நேருக்கு நேர் பந்தயம் வேண்டாம். தனித்தனியாக நேரம் எடுக்கும் போட்டிகளில் இறங்குங்கள். செலவும் ஆபத்தும் குறைவு. சாலையில் பந்தயம் என்ற பேச்சே கூடாது. அரசின் எழுத்து அனுமதி இல்லாத வேகப்போட்டி 189-ஆம் பிரிவின்படி குற்றம். நம் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மீன் வண்டிகளும் சைக்கிள்களும் போகின்றன என்பதை எந்தச் சட்டமும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிறம்

எழுதியிருக்கும் நிறத்திலேயே அடியுங்கள்.

எழுதப்படாதவை

பிரேக் பற்றி இந்தப் புத்தகத்தில் ஒரு சொல் கிடையாது. டயர் பற்றியும் ஷாக் அப்சார்பர் பற்றியும் கிடையாது. மிச்சப்பட்ட பணம் முழுவதும் இங்கே வரட்டும்.

ஓட்டுநரோடு சேர்ந்த பத்மினி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50-க்கு இறங்கும்போது பிரேக்குகளில் பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழப் போதுமானது. ஒரு சுற்றில் இது பலமுறை நிகழும். நான்கு சக்கரத்திலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். சூட்டில் டிரம் விரிந்து ஷூ எட்டாமல் போகும், பெடல் கீழே இறங்கும். டிரம்மை லேத்தில் வட்டமாக்கி, தரமான லைனிங் ஒட்டி, வீல் சிலிண்டர் வாஷர்கள் அனைத்தையும் புதிதாக்குவது முதல் வேலை. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் பிரேக்கே இல்லை. முன்னும் பின்னும் பிரியும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்தத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் எஞ்சின் வேலையைத் தள்ளிப்போட்டாவது அதைச் செய்துவிடுங்கள்.

டயர் முதலில் வந்த அளவு 5.20-14. இன்று 165/80 ஆர் 14 ரேடியல் ஸ்விஃப்ட், டிசையர் புண்ணியத்தில் அறந்தாங்கியிலேயே கிடைக்கும். ரிம் பழையதே இருக்கட்டும். அதன் விளிம்பு டியூப்லெஸ்ஸுக்காகச் செய்யப்பட்டதல்ல, உள்ளே டியூப் போட வேண்டும். சக்கர வளைவில் உரசாமல் முழுத் திருப்பு திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் கல்லாகியிருக்கும். காயலான் கடை டயரைத் தடத்தில் நம்பக் கூடாது.

பிரேக் ஆயிலும் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கி, குழாயில் ஆவி புகுந்து பெடல் பஞ்சாகிவிடும். கடலோரத்தில் அது சீக்கிரமே நேரும். தடத்துக்குக் கிளம்பும் முன்பு நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வடித்து, மூடி பிரிக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி ஒருமுறை வடித்து, டிரம்களைக் கழற்றி லைனிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வீட்டு வேலைக்கு எடுங்கள்.