ஊற்றுநீர் நகரும் ஓர் இசைமேதை பிறந்த மனையும்

மலர்க்குழுவினர் எங்களிடம் ஒரு பயணக் கட்டுரை கேட்டபோது, இலண்டன் மாநகரைப் பற்றியே எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பர். அம்மாநகரைக் கண்டு வந்து எழுதியோர் நம் காலனியிலேயே பலர் உளர். ஆதலின் இலண்டனுக்கு மேற்கே, இரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள செல்ட்டனம் என்னும் நகரைப் பற்றி எழுத விழைகின்றோம். அங்கே யாம் காணச் சென்றது ஆங்கிலேயர் வரலாறு. கண்டு வந்ததோ நம் வரலாற்றின் ஒரு பகுதியும் ஆகும்.

குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், காட்ஸ்வோல்டு குன்றுகளின் அடிவாரத்தில், செல்ட் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்தது செல்ட்டனம். முந்நூறு ஆண்டுகட்கு முன் அது ஒரே தெருவைக் கொண்ட சந்தை ஊராகவே இருந்தது. 1716-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் புறத்தே ஓர் உப்பு நீர் ஊற்று கண்டறியப்பட்டது. புறாக்கள் ஓரிடத்தில் நாள்தோறும் கூடி எதையோ கொத்தித் தின்பதைக் கண்ட மக்கள், அருகே சென்று நோக்கி, மண்மீது படிந்த உப்பையும் அதன் அருகே கசியும் நீரையும் அறிந்தனர் என்பது அவ்வூர் வழக்கு. இன்றும் அந்நகரின் சின்னத்தில் புறா இடம் பெற்றுள்ளது. வழி காட்டிய பறவைக்கு நன்றி மறவாத அந்நகர மக்களை எண்ணி மகிழ்ந்தோம்.

1738-ஆம் ஆண்டளவில் ஹென்றி ஸ்கில்லிகார்ன் என்னும் கப்பல் தலைவர் அவ்வூற்றைச் சீர்செய்து, மண்டபம் எழுப்பி, இருமருங்கும் மரம் நட்ட நடைபாதையும் அமைத்தார். அந்நாளில் ஊற்றுநீர் அருந்துதல் என்பது நோய் தீர்க்கும் முறைகளுள் ஒன்று. காலையில் எழுந்து, இசைக்குழு இசைக்க, குவளை குவளையாக அவ்வுவர் நீரைப் பருகி, பின்னர் நடை பழகுதல் மருத்துவர் விதித்த ஒழுங்கு. நீரின் சுவையோ போற்றத்தக்கதன்று. எனினும், 1788-ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அரசியாருடனும் இளவரசியருடனும் வந்து ஐந்து வாரம் தங்கி அந்நீரைப் பருகிச் சென்றார். அரசர் பருகிய நீரைப் பருகாமல் இருக்கப் பிரபுக்களுக்கு மனம் வருமோ? ஊர் வளரத் தொடங்கியது. 1801-இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழ்ந்த ஊரில், 1851-இல் முப்பத்தையாயிரம் பேர் வாழ்ந்தனர்.

அவ்வளர்ச்சியின் அடையாளங்களைத் தெருத்தோறும் காணலாம். பால் நிறச் சுண்ணப் பூச்சு பூசிய உயர்ந்த வீடுகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவற்றின் முகப்பில் பின்னல் வேலை செய்த இரும்புத் தாழ்வாரங்கள் உள்ளன. மான்ட்பெல்லியர் என்னும் பகுதியில், கடைகளுக்கு இடையிடையே, தூண்களுக்கு மாற்றாகப் பெண் உருவச் சிலைகள் தலையில் பாரம் தாங்கி நிற்கின்றன. கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரக் கோயிலைப் பார்த்துச் செய்யப்பட்டவை அவை. நகரின் வடபால் பிட்வில் என்னும் பூங்காவின் மேட்டில், குவிமாடமும் நெடுந்தூண்களும் கொண்ட பெரிய ஊற்றுநீர் மண்டபம் நிற்கின்றது. ஜோசப் பிட் என்னும் செல்வர் 1825 முதல் 1830 வரை அதனைக் கட்டுவித்தார். சுற்றிலும் ஒரு புது நகரையே எழுப்ப அவர் எண்ணினார். ஆயினும், மண்டபம் முடிவதற்குள் நாட்டில் பண நெருக்கடி வந்தது. நீர் மருத்துவத்தின் மோகமும் குறைந்தது. பிட் 1842-இல் கடன் சுமையோடு இறந்தார். அவர் கனவு கண்ட நகரம் பாதியில் நின்றது; மண்டபம் மட்டும் இன்றும் இசை அரங்காய்ப் பயன்படுகின்றது.

இவ்வளவு பெரிய வீடுகளில் குடியிருந்தோர் யாவர்? இங்கேதான் நம் நாட்டின் பெயர் வருகின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியில் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற படைத் தலைவர்களும் அதிகாரிகளும் கூட்டங் கூட்டமாய் வந்து குடியேறிய ஊர்களுள் செல்ட்டனம் முதன்மையானது. வெப்ப நாட்டில் கெட்டதாக அவர்கள் கருதிய ஈரலுக்கு இந்த உப்பு நீர் மருந்து என்று மருத்துவர் கூறினர். 1799-இல் சீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்ட ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகி, 1816-இல் இவ்வூர்ப் பொது மண்டபத்தைத் திறந்து வைத்தார். நம் நாட்டில் ஈட்டிய ஊதியமும் ஓய்வூதியமும் இவ்வூரின் சுண்ணமாகவும் இரும்புப் பின்னலாகவும் மாறியிருக்கின்றன என்ற எண்ணம் எழுந்தபோது, அவ்வீடுகளின் அழகு எங்கள் கண்ணுக்குச் சற்று மங்கியது. மறைப்பானேன்? அன்று முற்பகல் முழுதும் அந்த மனக்குறையோடுதான் நடந்தோம்.

பிற்பகலில், பிட்வில் பூங்காவுக்கு அணித்தே உள்ள கிளாரன்ஸ் சாலையில் நான்காம் எண் வீட்டின் கதவைத் தட்டினோம். 1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்னும் இசைமேதை பிறந்த இல்லம் அது. 1975 முதல் அஃது அருங்காட்சியகமாக விளங்குகின்றது. நிலவறையில் அடுக்களை, மேல்மாடியில் குழந்தைகள் அறை, இடையே விருந்தினர் கூடமும் இசை அறையும். விக்டோரியா அரசியார் காலத்து நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்ந்த முறையை அப்படியே காட்டும் வண்ணம் அமைத்துள்ளனர். 'கோள்கள்' என்னும் தம் பெரும்படைப்பை இயற்றியபோது ஹோல்ஸ்ட் பயன்படுத்திய பியானோவும் அங்கே உள்ளது.

ஹோல்ஸ்ட் குடும்பத்தார் ஆங்கிலேயர் வழியினர் அல்லர். கொள்ளுப் பாட்டனார் மத்தியாஸ், பால்டிக் கடற்கரையில் உள்ள ரீகா நகரில் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனுக்கு வந்த இசையாசிரியர். பாட்டனார் செல்ட்டனத்தில் குடியேறிப் பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்கு இசை கற்பித்தார். மாணாக்கர் மிகுதியாக வரவேண்டும் என்று கருதி, பெயருக்கு முன்னே 'வான்' என்னும் ஜெர்மானியப் பிரபுக்குல அடைமொழியையும் சேர்த்துக் கொண்டார். தந்தையார் அடால்ப், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். தாயார் கிளாரா 1882-இல் மறைந்தபோது குஸ்தாவுக்கு அகவை ஏழு. அதன்பின் குடும்பம் அவ்வீட்டை விட்டுப் பெயர்ந்தது.

சிறுவர் குஸ்தாவ் உடல் நலம் குன்றியவர்; கண்பார்வை குறைந்தவர்; மூச்சிரைப்பு நோய் உடையவர். பியானோக் கலைஞராக்க வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். வலக்கையில் நரம்பு நோய் வந்து அவ்விருப்பம் நிறைவேறாது போயிற்று. ட்ரம்போன் என்னும் ஊதுகருவியைக் கற்று, நாடகக் குழுக்களிலும் இசைக்குழுக்களிலும் ஊதிப் பிழைத்தார். பின்னர் 1905 முதல் இறுதி வரை இலண்டனில் புனித பால் பெண்கள் பள்ளியில் இசையாசிரியராய்ப் பணியாற்றினார். வேலை முடிந்து வரும் உழைப்பாளிகளுக்கு மார்லி கல்லூரியில் மாலை வகுப்பும் நடத்தினார். தம் சொந்தப் படைப்புக்குக் கிடைத்தவை ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறை நாள்களுமே.

அந்த ஏழை ஆசிரியர் அத்துணைச் சிறு ஓய்வில் செய்த செயலே எங்களை வியப்பில் ஆழ்த்தியது. இந்திய நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை அவர் கண்டார், கருத்தில் தோய்ந்தார், மொழிபெயர்ப்பின் நடையோ அவருக்கு நிறைவளிக்கவில்லை. இசையமைக்க வேண்டுமாயின் மூலச் சொல்லின் ஓசையும் பொருளும் தெரிய வேண்டும் என்று கருதி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்று, மேபல் போடு என்னும் அம்மையாரிடம் வடமொழி பயின்றார். பெரும் புலமை எய்தினார் என்று கூறுவதற்கில்லை. அகராதியின் துணைகொண்டு ஒவ்வொரு சொல்லாய்ப் பொருள் தேடிப் பாட்டுகளைத் தாமே ஆங்கிலமாக்கினார். 1908 முதல் 1912 வரை இருக்கு வேதத்துப் பாடல்களை நான்கு தொகுதிகளாகக் குழுவிசைக்கு அமைத்தார். காளிதாசரின் மேகதூதத்தையும் இசைப்படைப்பாக்கினார். ஆறாண்டு உழைத்து 'சீதை' என்னும் இசை நாடகத்தை எழுதிப் போட்டிக்கு அனுப்பினார். முதற் பரிசு கிடைக்கவில்லை. மனந்தளராது 1908-இல் 'சாவித்திரி'யை எழுதினார். பாடுவோர் சாவித்திரி, சத்தியவான், எமன் ஆகிய மூவர். கருவி இசைப்போர் மிகச் சிலர். நேரம் அரை மணியளவு. பெரும் ஆரவாரத்தை விரும்பிய அக்காலத்தில், இவ்வளவு எளிய இசை நாடகம் புதுமையாய் இருந்தது. எட்டாண்டு கழித்து, 1916-இல்தான் அது அரங்கேறியது.

அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். இந்தியாவால் அவருக்கு ஒரு காசும் வந்ததில்லை. செல்ட்டனத்துக்கு இந்தியா இருவழியாய் வந்திருக்கின்றது என்பதை அவ்வீட்டில்தான் உணர்ந்தோம். ஒரு வழி கம்பெனியார் பணப்பை வழி. மற்றொன்று ஓர் ஆசிரியரின் அகராதி வழி. முன்னதைக் கண்டு முற்பகலில் மனம் வருந்திய யாம், பின்னதைக் கண்டு ஒருவாறு ஆறுதல் பெற்றோம்.

அங்கே வழிகாட்டியாய் அமர்ந்திருந்த மூதாட்டியார், யாம் இந்தியாவிலிருந்து வருகின்றோம் என்று அறிந்ததும் மிக மகிழ்ந்து, "சாவித்திரி கதை உங்கள் வீட்டில் இன்றும் வழங்குகின்றதா?" என்று வினவினார். எம் துணைவியார் சற்றும் தயங்காது காரடையான் நோன்பைப் பற்றி எடுத்துரைத்தார். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் நோன்பிருப்பதையும், அடை தட்டி வெண்ணெயோடு படைப்பதையும், மஞ்சட் சரடு கட்டிக் கொள்வதையும், தம் தாயார் ஊரில் செய்தவாறே நம் காலனி வீட்டிலும் ஆண்டுதோறும் செய்வதையும் கூறினார். அவ்வம்மையார் கண்களை அகல விரித்துக் கேட்டார். "இத்தனை ஆண்டுகளாக அதனை ஓர் இசை நாடகத்தின் கதை என்றே எண்ணியிருந்தேன்" என்று கூறித் தம் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டார்.

அப்போது எங்கள் மகள் எங்களை நோக்கி, "அம்மா, அடை எதற்காகச் செய்கிறோம் என்று எனக்கு நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே?" என்று கேட்டாள். காலனியிலேயே பிறந்து வளர்ந்த பெண் அவள். ஆண்டுதோறும் அடையை விரும்பி உண்டவள். கதையை மட்டும் அவள் அறியாள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஓர் ஆங்கிலேயர் வீட்டுக் கூடத்தில், வேற்றாருக்குச் சொல்லும்போதுதான் அறிந்தாள். யாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். பிழை அவளுடையதன்று.

ஹோல்ஸ்டின் கதையில் மற்றொரு செய்தியும் உண்டு. 1914-இல் போர் மூண்டபோது, அவரது ஜெர்மானியப் பெயரே அவருக்குப் பகையாயிற்று. படையில் சேர முயன்றார். உடல் நலம் இடம் தரவில்லை. 1918-இல் போர் வீரர்களுக்கு இசை கற்பிக்கச் சலோனிகா நகர் செல்லும் வாய்ப்பு வந்தது. பெயர் தடையாக நின்றது. பாட்டனார் பெருமைக்காகச் சேர்த்த 'வான்' என்னும் அடைமொழியைச் சட்டப்படி நீக்கிவிட்டே புறப்பட்டார். அவர் புறப்படுமுன், அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், 'கோள்கள்' முதன்முறையாக இலண்டனில் ஏட்ரியன் போல்ட் தலைமையில் நண்பர்கள் முன்னிலையில் இசைக்கப்பட்டது. செவ்வாய் போரையும், சுக்கிரன் அமைதியையும், வியாழன் களிப்பையும், சனி முதுமையையும் கொணர்வனவாக அதில் வருகின்றன. சோதிடத்தில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. நண்பர்களுக்குச் சாதகம் கணித்துத் தருவதும் உண்டாம்.

1927-இல் செல்ட்டனம் தன் மகனை அழைத்துச் சிறப்பித்தது. நகர மண்டபத்தில் அவருடைய படைப்புகளுக்கென்றே ஒரு விழா எடுத்தனர். அவரே 'கோள்க'ளை நடத்தினார். 1934-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். இன்று நகரப் பூங்கா ஒன்றில் அவருடைய சிலை நிற்கின்றது. வலக்கை நோயுற்றமையால் இடக்கையில் கோல் பிடித்து இசை நடத்தும் கோலத்திலேயே அச்சிலையை வடித்துள்ளனர்.

மாலை இரயிலில் திரும்பும்போது, துணைவியார் மகளுக்குச் சாவித்திரி கதையை முதலிலிருந்து, தமிழிலேயே சொல்லி வந்தார். மகள் இடையிடையே இந்தியில் ஐயம் கேட்டாள். தாய் தமிழில் விடை கூறினார். யாம் சன்னலருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பெயரில் ஓர் அடைமொழி கூடலாம், குறையலாம். நான்கு தலைமுறையாய் அக்குடும்பம் கைவிடாதது இசை. நாம் கைவிடலாகாதது எது என்பதைக் காலனியில் உள்ள ஒவ்வோர் இல்லமும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் இல்லத்தில் வரும் பங்குனி முதல், அடையைப் படைக்குமுன் கதையைச் சொல்லுவது என்று முடிவு செய்துள்ளோம்.