போரை மறுத்த கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள்: தமிழகமும் ஜப்பானும்

நாஞ்சில் நாட்டில் 'சமாதானம்' என்னும் சொல் ஒலிக்காத கிறிஸ்தவ இல்லம் இல்லை. 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து பணி தொடங்கியதற்குக் காரணமாக நின்றவர் சாம்பவர் குலத்தவராகிய மகாராசன் வேதமாணிக்கம் என்பதை நம் பெரியோர் பெருமையோடு கூறுவர். அன்று தொட்டு அச்சொல் நம் வழிபாட்டிலும் வாழ்த்திலும் நிலைத்துவிட்டது. ஆயினும் அதன் பொருள் யாது? திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்னர்ப் போர்முரசு கேளாத ஆண்டுகள் எத்தனையோ நம் வயல்களின் மீது கடந்து சென்றன. அவற்றை அமைதியான ஆண்டுகள் என்று நாம் கூற இயலுமா? இவ்வினாவை உள்ளத்திற் கொண்டே, இயேசுவின் பெயரால் போரை மறுத்த சில அறிஞர்களின் வரலாற்றை நம் இளைஞர்கள் பயில வேண்டும்.

தமிழகத்தில் முதலில் எண்ணத்தக்கவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இலண்டனில் கணக்கியல் பயின்று பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் பொருளியல் கற்று, 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் மேனாட்டு உடை போயிற்று. கொர்னேலியஸ் என்ற பெயரும் போயிற்று. 1930இல் உப்புச் சத்தியாகிரகிகள் மீது தடியடி விழுந்தபோது திருச்சபைத் தலைவர்கள் பலர் ஆட்சியாளர் பக்கமே நின்றனர். குமரப்பா அவர்களை நோக்கி வெளிப்படையாக எழுதினார். மலைப்பொழிவைப் போதிப்போர், ஆயுதமற்றவர் அடிபடும்போது வாளாவிருப்பது எங்ஙனம் என்பதே அவர் வினாவின் சாரம். அயலார் சபையை அயலார் கடிந்துரைப்பது எளிது. இவரோ தம் சொந்தச் சபையைக் கேட்டார். சிறை அவருக்குப் பன்முறை வாய்த்தது. 1942 இயக்கத்தின் விளைவாக ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இயேசுவின் நடத்தையையும் போதனைகளையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். இரண்டிற்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார்.

அவருடைய பொருளியல் நமக்குப் பெரிதும் பயன்படுவது. போர் என்பது படைவீரர் கூடும் நாளில் தொடங்குவதன்று என்றும், பிறர் உழைப்பைப் பறித்து வாழும் வாழ்க்கைமுறையிலேயே அது கருக்கொள்கிறது என்றும் அவர் கருதினார். உயிரினங்களை நோக்கி, பொருளாதாரத்தை ஒட்டுண்ணி வகை, சூறையாடும் வகை, முயற்சி வகை, கூட்டு வகை, தொண்டு வகை என ஐந்தாகப் பிரித்தார். தாம் உண்ட மரத்தையே கொல்வது முதல் வகை. பிறர் நலங்கருதி உழைப்பது கடைசி வகை. ஒரு பொருளை வாங்குவோன், அப்பொருள் உண்டான வழியில் நிகழ்ந்த கொடுமையிலும் பங்காளி ஆகிறான் என்பதும் அவர் கருத்து. இவ்வளவுகோலை எடுத்துப் பண்டைய நாஞ்சில் நெல்லை அளந்து பாருங்கள்! அடிமை நட்டு, அடிமை அறுத்து, ஆண்டையின் களஞ்சியத்தில் நிறைந்த நெல் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் இங்கே கூறத்தக்கவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே மக்கள் அவர்களை அழைத்தனர். செல்வக் குடும்பத்திற் பிறந்த பேட்டன் கதர் அணிந்தார். 1932இல் சென்னையில் போலீசார் அவரையும் அடித்துக் கைது செய்தனர்.

1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கு ஜப்பானிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் தொயோஹிகோ காகவா. கோபே நகரத்துச் சேரியில் 1909 முதல் ஏழைகளோடு வாழ்ந்து, தொழிற்சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் வளர்த்தவர். அப்போது அவருடைய நாடு சீனத்தின் மீது போர் தொடுத்திருந்தது. மாநாடு முடிந்து 1939 ஜனவரியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். போரைப் பற்றித் தம் நாட்டவரிடமிருந்து மாறுபட்ட கருத்துடையவன் தாம் என்றார் காகவா. அக்கருத்தை வெளிப்படையாக அறிவித்து அதற்காக உயிரையும் கொடுக்கலாமே என்னும் பொருள்பட அடிகள் விடையளித்தார். எத்துணைக் கடுமையான விருந்தோம்பல்! 1940இல் இராணுவப் போலீசார் காகவாவைக் கைது செய்தனர். ஆயினும் போரின் இறுதிக் காலத்தில் அவரே அமெரிக்காவுக்கு எதிராக வானொலியிற் பேசினார் என்பதையும் மறைத்தல் ஆகாது.

அவருக்கு முன்னோடி கன்சோ உச்சிமுரா (1861–1930). பேரரசரின் கல்வி ஆணைக்கு முழுவணக்கம் செலுத்தத் தயங்கியதால் 1891இல் ஆசிரியப் பணியை இழந்தவர். 1894இல் சீனத்தின் மீதான போரை நியாயமென்று எழுதியவரும் அவரே. ஆனால் அப்போரின் பயனைக் கண்டு மனம் மாறினார். 1903இல் உருசியாவோடு போர் வேண்டும் என்று தம் நாளிதழ் முழங்கவே, அதனை விட்டு விலகினார். அவர் வழிவந்த தடாவோ யனைஹாரா 1937இல் போரைக் கண்டித்து எழுதியதற்காகத் தோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகப் பதவியைத் துறக்க நேர்ந்தது. போருக்குப் பின் அவரே அப்பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

ஜப்பானிலும் தீண்டாமை உண்டு என்பதை நம்மவர் பலர் அறியார். தோல் தொழிலும் இறைச்சித் தொழிலும் செய்தோரைப் பரம்பரை இழிவுக்கு உட்படுத்தினர். அவர்கள் புராக்கு மக்கள். 1871இல் அரசாணை அவர்களை விடுவித்தது, ஊரார் விடுவிக்கவில்லை. சேரியில் அவர்களுக்கு அருகே வாழ்ந்த காகவாவே 1915இல் வெளியிட்ட தம் நூலில் அவர்களைப் பற்றி இழிவான கருத்துகளை எழுதினார். போரை வெறுத்த உள்ளத்திலும் பிறப்பைப் பற்றிய இழிவெண்ணம் ஒளிந்திருந்தது. குமரப்பாவும் காகவாவும் மறைந்தது ஒரே ஆண்டில், 1960இல். காகவா மறைந்த பின்னரும் அந்த வரிகளுக்காக விளக்கம் கேட்பதைப் புராக்கு மக்கள் நிறுத்தவில்லை.

அம்மக்கள் 1922 மார்ச் 3ஆம் நாள் கியோட்டோவில் கூடிச் சுயிஹெய்ஷா என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவினர். அதன் கொடியை அமைத்த சாய்கோ மாங்கிச்சி, பௌத்த ஆலயக் குடும்பத்திற் பிறந்தவர். அவர் கருந்துணியின் நடுவே குருதிச் சிவப்பில் வரைந்தது இயேசுவின் முள்முடி.