கண்டம் செய்த பெட்டி

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் ‘கண்டம்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, எழுத்து தேய்ந்த டைப்ரைட்டர் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, கமிட்டி பார்வையிட்டு, ஏலம் விட்டுவிடுவோம். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நோட் எழுதப் பழகிய நானும் அப்படிப் பல பட்டியல்கள் எழுதியிருக்கிறேன்.

1980-களில் ஒரு பட்டியலில் ‘பழைய வயர்லெஸ் ரிசீவர், வால்வு வகை, எண்ணிக்கை 1’ என்று எழுதினேன். பச்சை வண்ணம் பூசிய கனத்த இரும்புப் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். அது எங்கிருந்து வந்தது, யார் பேச்சை ஒட்டுக்கேட்டது என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தப் பெட்டி மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் தலைமையகம் தன் தளபதிகளுக்கு லோரன்ஸ் என்ற சங்கேத இயந்திரத்தின் வழியே வானொலியில் செய்தி அனுப்பியது. கென்ட் பகுதியிலுள்ள நாக்ஹோல்ட் என்ற இடத்தில் அதை ஒட்டுக்கேட்டார்கள். அங்கே இருந்தவற்றுள் ஒன்று அமெரிக்க ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஏஆர்88 ரிசீவர். எடை 40 கிலோவுக்கு மேல். வந்த சமிக்ஞை காகித நாடாவில் மைக்கோடாக விழும். அதைப் பெண்கள் எழுத்தெழுத்தாகப் படித்து எடுப்பார்கள். எழுத்து விட்டுப்போனால் சங்கேதத்தை உடைக்கும் வேலை கெட்டுவிடும்.

அதை உடைக்க உதவியது டாமி ஃபிளவர்ஸ் என்ற தபால்துறைப் பொறியாளர் கட்டிய கொலோசஸ். 1944 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கிய முதல் இயந்திரத்தில் ஏறக்குறைய 1600 வால்வுகள். இத்தனை வால்வுகள் இருந்தால் அடிக்கடி பழுதாகும் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அணைத்து அணைத்துப் போடாமல் எரியவிட்டால் வால்வு நீடிக்கும் என்பது ஃபிளவர்ஸ் அனுபவத்தில் கண்டது. அவர் சொன்னபடியே நடந்தது.

போர் முடிந்ததும் பெரும்பாலான இயந்திரங்களைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை அழிக்கும்படி ஃபிளவர்ஸுக்கே உத்தரவு வந்தது. அவரும் தன் உழைப்பையெல்லாம் கொதிகலன் அடுப்பில் போட்டு எரித்தார். 1970-கள் வரை வெளியில் மூச்சுவிடவில்லை.

1993-இல் டோனி சேல் என்ற பொறியாளர் அதை மறுபடி கட்ட இறங்கினார். கையில் இருந்தவை எட்டுப் புகைப்படங்களும், பழைய பொறியாளர்கள் சட்டத்தை மீறி ஒளித்து வைத்திருந்த சில சர்க்யூட் துண்டுகளும்தான். கொலோசஸ் தொலைபேசித் துறை உதிரிப்பாகங்களால் ஆனது. அப்போது பழைய எக்ஸ்சேஞ்சுகளைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, கண்டம் செய்த சாமான்களே கைகொடுத்தன. 1996 ஜூன் 6-இல் அது உயிர்பெற்றது.

2007-இல் ஒரு போட்டி வைத்தார்கள். ஜெர்மனியின் பாடர்போர்னிலிருந்து பழைய முறையில் சங்கேதச் செய்தி ஒலிபரப்பானது. கொலோசஸ் குழுவுக்கு முதல் நாள் சரியாகக் கேட்கவேயில்லை. ஜெர்மானியர் ஒருவர் தன் கணினியில் முந்திக்கொண்டார். ஆனாலும் கொலோசஸ் சுமார் மூன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துக் காட்டியது.

2016-இல் இன்னொரு வேடிக்கை. சவுத்எண்ட் ஊரில் ஒரு கொட்டகைத் தரையில், குப்பைக்கு நடுவே ‘தந்தி இயந்திரம்’ என்று ஒன்று கிடந்தது. இணையத்தில் விலை ஒன்பதரை பவுண்டு. பிளெட்ச்லியில் உள்ள கணினி அருங்காட்சியகத் தொண்டர்கள் பத்து பவுண்டு நோட்டைக் கொடுத்து, மீதி வேண்டாம் என்று வாங்கி வந்தார்கள். அது ஜெர்மன் இராணுவத்தின் லோரன்ஸ் டெலிபிரிண்டர்!

இந்தப் பழைய ரிசீவர்களைச் செப்பனிடுவோர் எடுத்தவுடன் கரண்ட் கொடுக்க மாட்டார்கள். காகிதக் கண்டென்சர்கள் கசிந்திருக்கும். நேரே பிளக்கில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஒவ்வொன்றாகச் சோதித்து, மாற்றி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதைப் போலத்தான்.

நான் கண்டம் எழுதிய பெட்டி ஏஆர்88-தானா என்று கேட்காதீர்கள். அதன் மேல் ஒரு பெயர்த்தகடு இருந்தது. அதைப் படித்து ஒரு வரி குறித்து வைக்க இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யவில்லை. ஃபிளவர்ஸ் உத்தரவுக்குப் பணிந்து எரித்தார். எனக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை, அக்கறைதான் இல்லை.

நம் ஊரில் பல வீடுகளில் சொல்தா தாத்தாவின் தகரப் பெட்டி இன்னும் பரணில் இருக்கும். சைகோனிலிருந்து வந்த ரேடியோவோ, கடுதாசியோ உள்ளே கிடக்கலாம். பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். இது என்ன, யாருடையது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது நாம்தான் மிச்சம்.